1200-ஐ நம்பாதீர்கள், குழாயைப் பாருங்கள்

வகுப்புத் தோழர்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், இந்த முறை சமையலறை சிம்னியைப் பற்றித்தான். பங்குச்சந்தை, செமஸ்டர் முறை, கேண்டீன் விலைவாசி எல்லாம் எழுதியாயிற்று. "பி.காம் படிக்கிறவனுக்கு சிம்னியில் என்ன வேலை?" என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், நடுவில் காஸ்ட் அக்கவுண்டிங் வரும் :-)

என் கட்சி இதுதான். நம் ஊர் அடுக்குமாடி வீடுகளில் சிம்னிக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் சுவரில் தொங்கும் ஒரு அலங்காரப் பொருளுக்குத்தான் போகிறது. இயந்திரம் மட்டம் என்று நான் சொல்லவில்லை. அதன் பின்னால் போகும் குழாயையும், வீட்டுக்குள் வரவேண்டிய காற்றையும், அடுப்பின் முன்னால் நிற்பவரையும் வாங்கும்போது யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுப்பது ஒரே ஒரு எண்ணைத்தான்.

எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், சிம்னி வரிசையில் ஒரே பாட்டுதான். "சார், இது ஆயிரம். இது ஆயிரத்து இருநூறு. கொஞ்சம் பட்ஜெட் ஏத்தினீங்கன்னா ஆயிரத்து ஐநூறு." எதில் ஆயிரம் என்று கேட்டால் "சக்‌ஷன் சார்" என்பார்கள். அதாவது மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்றை வெளியே தள்ளும் என்று அர்த்தம்.

ஒரு சின்னக் கணக்கு. எட்டுக்கு எட்டு அடி சமையலறை, பத்தடி உயரம். மொத்தம் 640 கன அடி, அதாவது சுமார் 18 கன மீட்டர் காற்று. 1200 என்பது உண்மையானால் ஒரு நிமிடத்துக்குள் அந்த அறையின் காற்று முழுவதும் ஒருமுறை மாறிவிட வேண்டும். சுவரில் மாட்டிய தினசரி காலண்டர் படபடவென்று அடித்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் காலண்டர் தியானத்தில் இருப்பது போல இருக்கிறது.

பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும், வழியில் தடை எதுவும் இல்லாதபோது அந்த மின்விசிறி தள்ளக்கூடிய அளவு. உங்கள் வீட்டில் நீளமான குழாய் உண்டு, இரண்டு மூன்று வளைவு உண்டு, பிசுக்கேறிய ஃபில்டர் உண்டு, வெளியே புறா வராமல் இருக்க யாரோ கட்டிய வலை உண்டு. ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த எண்ணைத் தின்றுவிடும்.

இங்கேதான் காஸ்ட் அக்கவுண்டிங். நிறுவப்பட்ட திறன் வேறு, உண்மையில் பயன்படும் திறன் வேறு என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? ஒரு ஆலையில் மாதம் பத்தாயிரம் உருப்படி செய்யும் மெஷின் இருக்கலாம். கச்சாப்பொருள் நாலாயிரத்துக்குத்தான் வருகிறது என்றால் உற்பத்தி நாலாயிரம்தான். மார்ஜினல் காஸ்டிங்கில் இதற்கு 'கீ ஃபேக்டர்' என்று பெயர். எது கழுத்தைப் பிடிக்கிறதோ அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், மெஷினைப் பெரிதாக்கிப் பயனில்லை. சிம்னி விஷயத்தில் கீ ஃபேக்டர் குழாய். தேர்வில் பதினைந்து மதிப்பெண்ணுக்கு இதை எழுதிவிட்டு, கடைக்குப் போனதும் பெரிய மெஷினைக் கை காட்டுகிறோம்.

குழாய்க் கணக்கையும் பார்த்துவிடலாம். சிம்னியின் வாய் வழக்கமாக ஆறு இன்ச். ஆனால் பல பழைய ஃபிளாட்களில் பில்டர் விட்டிருக்கும் ஓட்டை நாலு இன்ச். ஆறிலிருந்து நாலு, மூன்றில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். பரப்பளவு அப்படிக் குறையாது. 36-க்கு 16, அதாவது பாதிக்கும் கீழே போய்விடும். அந்த 1200 கன மீட்டரும் ஆறு இன்ச் குழாய் வழியே போக வேண்டுமானால் காற்று மணிக்கு சுமார் 66 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். நாலு இன்ச் குழாயில் சுமார் 148 கி.மீ. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது நூறைத் தாண்டிய காற்றுக்கே எத்தனை மரம் விழுந்தது என்று பார்த்தோம். அதைவிட வேகமான ஒன்றை 200 வாட் மோட்டார் உங்கள் லாஃப்டுக்கு மேலே ஓட்டப்போகிறதாம். ஓட்டாது. அளவு தானாகக் குறைந்துகொள்ளும், சத்தம் மட்டும் குறையாது.

இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் வீடுகளில் ஏற்கெனவே மாட்டியிருந்த 15 கருவிகளைச் சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். அடுப்பிலிருந்து எழும்பும் வாயுவில் எவ்வளவைப் பிடித்து வெளியேற்றுகிறது என்று பார்த்தால், 15 சதவீதத்துக்கும் குறைவு என்பதில் தொடங்கி 98 சதவீதத்துக்கும் மேல் வரை இருந்தது. பலவற்றில் காற்றின் அளவு, தயாரிப்பாளர் சொன்னதைவிட நன்றாகவே குறைவு. சுவரை ஒட்டிய பின்பக்க பர்னரில் சமைத்தால் நன்றாகப் பிடிக்கிறது, முன்பக்க பர்னரில் சமைத்தால் தப்பிவிடுகிறது என்பதும் தெரிந்தது. அதாவது எந்தப் பெட்டி என்பதோடு எப்படி மாட்டினார்கள், எங்கே சமைக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் பலன்.

எங்கள் வீட்டுக் கதையும் இதே ரகம். இரண்டு வருடம் முன்பு அப்பா போனஸில் 14,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினார். 1200 தான். மாட்ட வந்தவர் சுவரில் இருந்த நாலு இன்ச் ஓட்டையைப் பார்த்தார். பையிலிருந்து ஒரு ரெடியூசரை எடுத்து மாட்டினார். சுருங்கி விரியும் அலுமினியக் குழாயை இழுத்துக்கூட விடாமல், லாஃப்ட் மேலே பாம்பு மாதிரி சுருட்டி, இரண்டு வளைவு வளைத்து, சர்வீஸ் ஏரியாவில் கொண்டுபோய் விட்டார். "ஓட்டையைப் பெருசு பண்ண வேண்டாமாப்பா?" என்று அம்மா கேட்டதற்கு, "எல்லா ஃபிளாட்லயும் இப்படித்தாம்மா, சூப்பரா இழுக்கும்" என்றார். கடைக்காரர் விற்கும்போது குழாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அது தனி பில், அடிக் கணக்கு.

ஒரு வாரம் ஓடியது. அப்புறம் அம்மா போடுவதை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "கடுகு வெடிக்கிற சத்தமே காதுல விழலடா. அதுக்குள்ள கருகிப் போயிடுது. நெடியும் போகல, சத்தம் மட்டும்தான்."

இந்த ஒரு வரியை எந்த விற்பனைப் பிரதிநிதியும் கேட்டிருக்க மாட்டார். நம் சமையல் காதால் பாதி நடக்கிறது. கடுகு வெடிப்பது, வடை போட்டதும் எழும் சத்தம், குக்கரில் எத்தனை விசில் என்பது எல்லாம் காதுக்குத்தான் வருகிறது. இதையெல்லாம் மறைக்கும் இரைச்சலோடு ஒரு கருவி இருந்தால் சமைப்பவர் அதை அணைத்துவிடுவார். அணைத்த சிம்னியின் சக்‌ஷன் பூஜ்யம், பெட்டியில் என்ன போட்டிருந்தாலும்.

உயரமும் அப்படியே. அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே 65 முதல் 75 செ.மீ. என்பதுதான் பெரும்பாலான நிறுவனங்கள் கையேட்டில் சொல்வது. எங்கள் வீட்டில் டேப் வைத்து அளந்தேன், 92. காரணம் கேட்டால் "அப்பா தலை இடிக்கும்னு மேல ஏத்தச் சொன்னார்" என்கிறார் அம்மா. அப்பா சமையலறைக்குள் வருவது காபி டம்ளரை வைக்க மட்டும்தான். ஐந்தடி உயரமுள்ள ஒருவர் தினமும் இரண்டு மணி நேரம் நிற்கும் இடத்தில், அங்கே நிற்காத ஒருவரின் தலைக்கு அளவெடுத்து மாட்டியிருக்கிறோம். அகலம் இன்னொரு கூத்து. மூன்று பர்னர் கண்ணாடி அடுப்பு பல மாடல்களில் 70 செ.மீ.க்கு மேல் இருக்கும். அதன் மேல் 60 செ.மீ. சிம்னி. ஓரத்து பர்னரில் மிளகாய் வறுத்தால் அது சிம்னிக்கு வெளியே உள்ள விவகாரம்.

"சரி, இதற்கு ஏன் இவ்வளவு கோபம்? கேஸ் அடுப்புதானே, புகையே கிடையாதே" என்று ஒரு நண்பன் கேட்டான். இந்த எண்ணம்தான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். விறகிலிருந்து கேஸுக்கு மாறியது நிச்சயம் பெரிய விடுதலை. என் பாட்டி ஊதுகுழலோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் மாறியது எரிபொருள் மட்டும்தான். வாணலியில் காயும் எண்ணெய் அதேதான், மிளகாய் அதேதான், அப்பளம் அதேதான். கேஸ் சுடரிலிருந்து நைட்ரஜன் டை ஆக்ஸைடு வருகிறது. மூச்சுக்குழாயை உறுத்தும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. எண்ணெய் நன்றாகக் காய்ந்து புகையும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கிளம்புகின்றன. உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, அதிக வெப்பத்தில் பொரிக்கும்போது வரும் புகையை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் வைத்திருக்கிறது. 2010-லேயே அந்த அறிக்கை வந்துவிட்டது. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஒரு வேளை வடைக்கு யாரும் செத்துப்போக மாட்டார்கள். முப்பது வருடம், தினம் இரண்டு வேளை, ஜன்னல் சாத்திய எட்டடி அறை என்று கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டலில் வருவது பெரும்பாலும் ஒரே ஆள், எல்லா வீட்டிலும். அம்மாவுக்குத் தாளிக்கும்போது வரும் இருமலை "நெடிதானே" என்று நாங்கள் எல்லோரும் ஹாலில் உட்கார்ந்தே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

பழைய வீடுகளில் இதற்கு ஒரு யோசனை இருந்தது. அடுப்பு மேடைக்கு மேலே கூண்டு மாதிரிக் கட்டி, அதிலிருந்து புகைபோக்கி நேராகக் கூரைக்கு மேல் போகும். வளைவே கிடையாது, வாயும் அகலம். சூடான காற்று தானாக மேலே ஏறும் என்ற ஒரே விதியை நம்பிக் கட்டியது, மோட்டாரும் இல்லை கரண்டும் இல்லை. அடுக்குமாடியில் நமக்கு மேலே இன்னொருவர் வீட்டுத் தரை இருப்பதால் அதைச் செய்ய முடியாது. அதற்காக அது சொல்லிக் கொடுத்த பாடத்தையும் விட்டுவிட வேண்டுமா என்ன? அகலமாக, குட்டையாக, நேராக, அவ்வளவுதான்.

அடுத்தது உள்ளே வரும் காற்று. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. ஒரு அறையிலிருந்து காற்றை வெளியே எடுத்தால் அதே அளவு காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். ஏசிக்காக எல்லா ஜன்னலையும் சாத்திவிட்டு, கொசுவுக்காகக் கதவையும் சாத்திவிட்டு சிம்னியைப் போட்டால் அது எதை இழுக்கும்? சில வீடுகளில் சிம்னி போட்டதும் ஹாலில் பாத்ரூம் வாடை அடிக்கும். தரை வடிகாலில் தண்ணீர் வற்றிப்போயிருந்தால் காற்று அந்த வழியாக ஏறி வருகிறது, வேறு வழி நாம் விடவில்லையே. பாத்ரூமில் கேஸ் கீசர் வைத்திருப்பவர்கள் இதில் விளையாடவே கூடாது. கீசரின் கார்பன் மோனாக்ஸைடு வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பிவிடும்.

இதைச் சோதிக்க ஒரு எளிய வழி. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்க விடுங்கள், ஆவி நன்றாகத் தெரியும். சிம்னியைப் போட்டு ஆவி எங்கே போகிறது என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள். முதலில் எல்லாம் சாத்தி, பிறகு ஹால் பால்கனிக் கதவை ஒரு சாண் திறந்து. எங்கள் வீட்டில் சாத்தியபோது ஆவி பாதி வழியில் கலைந்து அம்மா முகத்துக்கு வந்தது. திறந்ததும் கண்ணெதிரே சிம்னிப் பக்கம் சாய்ந்தது. ஐந்து காசு செலவில்லை. ஒரு எச்சரிக்கை: அடுப்புக்குப் பக்கத்து ஜன்னலைத் திறக்காதீர்கள். குறுக்கே அடிக்கும் காற்று புகையை சிம்னிக்குப் போகவிடாமல் அறைக்குள் தள்ளிவிடும். தூரத்து ஜன்னல்தான் நல்லது.

எக்ஸாஸ்ட் ஃபேனிலும் இதே தவறு நடக்கிறது. ஜன்னலுக்கு நேர் மேலே ஃபேன், கீழே ஜன்னல் திறந்திருக்கும். ஃபேன் என்ன செய்யும்? கிட்டத்தில் இருக்கும் ஜன்னல் காற்றை இழுத்து மறுபடி வெளியே தள்ளும். அடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமே இருக்காது. அந்த ஜன்னலைச் சாத்தி எதிர்ப்பக்கம் ஒன்றைத் திறந்தால் அதே ஃபேன் வேறு ஃபேன் மாதிரி வேலை செய்யும். குழாய் விட வழியே இல்லாத வீட்டில் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் சரி என்பது என் அபிப்பிராயம். குழாயில்லாத சிம்னி என்று ஒன்று விற்கிறார்கள். உள்ளே கரி ஃபில்டர் இருக்கும், காற்றை வடிகட்டி மறுபடி சமையலறைக்குள்ளேயே விடும். வாடை கொஞ்ச நாள் குறையும். சூடும் ஈரமும் கேஸ் சுடரின் வாயுவும் அப்படியே திரும்பி வந்துவிடும். பத்தாயிரத்துக்கு மேல் கொடுத்து அதை வாங்குவதற்குப் பதில், சுவரில் ஓட்டை போட்டு ஒரு நல்ல ஃபேன் மாட்டுவது எவ்வளவோ மேல்.

'ஆட்டோ கிளீன்' மோகம் பற்றியும் ஒரு வார்த்தை. சூடாக்கி உள்ளே ஒட்டிய எண்ணெயை உருக்கிக் கீழே கிண்ணத்தில் விழ வைக்கும், நல்ல வசதிதான். ஆனால் குழாய்க்குள் படிந்த பிசுக்கை அது தொடாது. அங்கேதான் சுருள் குழாயின் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் உட்கார்ந்திருக்கும். வெளி வாயில் கொசுவலை கட்டியிருந்தால் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டு வலை ஒரு கறுப்பு அடை மாதிரி ஆகியிருந்தது. வலைக்குப் பதில், காற்று அடிக்கும்போது திறந்து நின்றதும் மூடிக்கொள்ளும் மடல் மூடி கிடைக்கிறது. புறாவும் வராது, பக்கத்து வீட்டு மீன் குழம்பும் திரும்பி வராது.

கரண்டு பில் பயம் உள்ளவர்களுக்கு: 200 வாட் மோட்டார், தினம் ஒரு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு 12 யூனிட். இதற்காக மிச்சம் பிடித்து அணைப்பதில் அர்த்தமில்லை. அடுப்பு பற்றவைக்கும் முன்பே போட்டு, சமைத்து முடித்த பின்னும் பத்து நிமிடம் ஓடவிடலாம்.

நான் பணம் ஒதுக்குவதாக இருந்தால் இப்படித்தான் ஒதுக்குவேன். முதலில் ஆறு இன்ச் ஓட்டை. கோர் கட்டிங் செய்பவர் ஒருவரை அழைத்துக் கேட்டேன், எங்கள் செங்கல் சுவருக்கு 1,800 ரூபாய் சொன்னார். (பீம், தூண் பக்கம் கை வைக்கவே கூடாது, அது கட்டடத்தின் எலும்பு.) அடுத்து வழவழப்பான தகரக் குழாய், முடிந்தவரை நேராக, ஒரு வளைவுக்கு மேல் போகாமல். அதற்குப் பிறகு மிச்சமிருக்கும் பணத்தில், சத்தம் குறைவான, அடுப்பின் அகலத்துக்குக் குறையாத ஒரு சிம்னி. அது 800-ஆ 1000-ஆ என்பது எனக்குக் கடைசிக் கேள்வி. 14,500 ரூபாய் மெஷினை 1,800 ரூபாய் ஓட்டை கட்டிப் போட்டிருக்கிறது என்று அப்பாவிடம் காகிதத்தில் போட்டே காட்டினேன். "பார்க்கலாம்" என்றார். அம்மா உடனே "பார்க்கலாம்னா, தீபாவளி பலகாரத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். பதில் இன்னும் வரவில்லை.

வாடகை வீட்டில் இருப்பவர்கள், சுவரில் ஓட்டை போட்டால் அட்வான்ஸில் பிடிப்பார்களே என்று கேட்பீர்கள். சமையலறை ஜன்னலின் மேல் கண்ணாடி ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே அளவுக்கு ஒரு பிளைவுட் பலகையை வெட்டி, அதில் 9 இன்ச் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பொருத்தலாம். கார்ப்பென்டருக்கு அரை நாள் வேலை. காலி செய்யும்போது ஃபேனையும் பலகையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விடலாம். கழற்றிய கண்ணாடியை மட்டும் செய்தித்தாளில் சுற்றி லாஃப்டில் பத்திரமாக வையுங்கள், வீட்டுக்காரர் கட்டாயம் கேட்பார்.